பன்னிரண்டு நிமிடக் கடல்
ஒக்லாந்துத் துறைமுகத்தில் ஒரு படகுப் பயணம்

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், குயீன் வீதி கடலை நோக்கிச் சரிந்து சென்று முடியும் இடத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்துடன் கூடிய பழைய கட்டடம் ஒன்று நிற்கின்றது. 1912ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அதனைப் படகுக் கட்டடம் என்றே நகர மக்கள் அழைக்கின்றனர். மேலே செங்கல்லும் மணற்கல்லும். அடித்தளத்தில் கொரோமண்டல் குடாநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல். கொரோமண்டல் என்ற பெயரைக் கேட்டதும் எமது வாசகர்கள் சற்று நிமிர்ந்து அமரக்கூடும். 1820இல் பாய்மரத்துக்கு ஏற்ற மரம் தேடி இங்கு வந்த பிரித்தானியக் கடற்படைக் கப்பலொன்றின் பெயர் அக்குடாநாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. அக்கப்பலுக்கோ எங்கள் சோழமண்டலக் கரையின் பெயர் இடப்பட்டிருந்தது. ஆகவே ஒக்லாந்துவாசிகள் நாள்தோறும் பெயரளவிலேனும் சோழமண்டலக் கல்லைக் கடந்தே படகேறுகின்றனர். இதனைப் பழம்பெருமை பேசுவதற்காக நாம் சொல்லவில்லை. பெயர்களுக்குக் கடவுச்சீட்டோ நுழைவு அனுமதியோ வேண்டியதில்லை என்பதை, இவ்விரண்டுக்காகவும் வரிசையில் நின்ற சமூகம் ஒன்றுக்கு நினைவூட்டத் தோன்றியது.

கட்டடத்தின் பின்புறம் சென்றால் நீர். விடியற்பொழுது தொடங்கி இரவு நெடுநேரம் வரை டெவொன்போர்ட், பேர்க்கன்ஹெட், ஹாஃப் மூன் பே, வைஹெகே என்று பல திசைகளுக்கும் பயணிகள் படகுகள் போய் வருகின்றன. காலை வேளையில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் புகையிரதம் வந்து நின்றதும் சனம் கொட்டுண்டு பரவுவதைப் பார்த்தவர்கள் இங்கும் அந்தக் காட்சியைக் காணலாம். வந்த படகு கரையில் அணைகிறது, அலுவலகத்துக்குப் போவோரும் மாணவரும் துவிச்சக்கரவண்டியை உருட்டுவோரும் இறங்குகின்றனர், காத்திருந்தோர் ஏறுகின்றனர், சில நிமிடங்களில் படகு மறுபடியும் புறப்பட்டுவிடுகிறது. அடையாள அட்டை கேட்பாரில்லை. பையைத் திறந்து காட்டு என்பாரில்லை. எங்கே போகின்றாய், யாரிடம் போகின்றாய், எப்போது திரும்புவாய் என்ற கேள்விகளும் இல்லை. அங்கு பிறந்து வளர்ந்தவர்கள் இதனைக் கவனிக்கவே மாட்டார்கள். எம்மவர்கள் கவனிக்கின்றார்கள்.

இன்று நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டன். ஆயினும் 1841 முதல் 1865 வரை ஒக்லாந்தே தலைநகராக இருந்தது. மக்கள் தொகையாலும் வணிகத்தாலும் அந்நாட்டின் முதல் நகரம் இன்றும் இதுவே. தலைநகரை இங்கு அமைக்கத் தூண்டியது கடலின் அமைப்பு. வடகிழக்கே வைட்டெமாட்டா, தென்மேற்கே மனுக்காவ் என இரு பெரும் இயற்கைத் துறைமுகங்கள். இடையில் ஒடுங்கிய நிலப்பகுதி. ஒட்டாஹூஹூ என்னும் இடத்தில் அது ஒரு கிலோமீற்றர் அளவுக்கே ஒடுங்குகின்றது. மாவோரி மக்கள் தமது பெருந்தோணிகளை அங்கே தரைமீது இழுத்துச் சென்று ஒரு கடலிலிருந்து மறு கடலில் இறக்கினர். வெள்ளையர் வரும் முன்னரே இது ஒரு போக்குவரத்து மையம். 1840இல் ஆளுநர் ஹொப்சனுக்கு இந்நிலத்தை வழங்க முன்வந்தவர் தெ கவாவ் என்னும் மாவோரித் தலைவர். அவருடைய வழிவந்தோர் பின்னர் தமது சொந்தக் கரையிலேயே நிலமற்றவராக்கப்பட்ட கதை தனியே எழுதப்பட வேண்டியது. விருந்தினருக்கு இடங்கொடுத்தவன் இறுதியில் திண்ணையில் நின்ற கதைதான் அது.

வைட்டெமாட்டா என்பதற்கு மின்னும் நீர் என்று பொருள் கூறுவர். படகில் ஏறும் இடமே முன்னர் கடலாக இருந்தது. பழைய கரை, நகருக்குள் சற்றுத் தள்ளி இன்று ஃபோர்ட் வீதி இருக்கும் இடத்தில் இருந்தது. கரையோர வீதி என்ற பொருளில் அதற்கு முதலில் ஃபோர் வீதி என்றே பெயர். பிரிட்டோமார்ட் முனை என்ற கடலோரக் குன்றை வெட்டிச் சாய்த்து, அந்த மண்ணையும் கொட்டிக் கடலைத் தூர்த்துத்தான் துறைமுகத்துக்கு நிலம் கண்டார்கள்.

டெவொன்போர்ட் படகு குயீன்ஸ் இறங்குதுறையின் முனையைத் தாண்டித் திரும்பும்போது வலப்புறத்தில் துறைமுகம் விரிகின்றது. அடுக்கடுக்காகக் கொள்கலன்கள், அவற்றுக்கு மேலே பாரந்தூக்கிகள், பெட்டி போன்ற உயர்ந்த கப்பல்களிலிருந்து வரிசையாக இறங்கும் யப்பானிய மோட்டார் கார்கள். யப்பானில் ஓடிய கார்களை வாங்கி ஓட்டும் வழக்கத்தில் நியூசிலாந்தரும் இலங்கையரும் ஒரே இனம். இரு நாடுகளிலும் யப்பானைப் போலவே வீதியின் இடப்புறம் ஓட்டுவதால் வந்த ஒற்றுமை இது. துறைமுகத்துக்கும் நகருக்கும் இடையில் பழைய சிவப்பு இரும்பு வேலி ஒன்று ஓடுகின்றது. 1951இல் துறைமுகத் தொழிலாளர் பிணக்கு 151 நாட்கள் நீடித்தபோது அவ்வேலிக்கு வெளியே நின்றவர்கள் ஒரு வகையினர்; இன்று நகரின் நடுவில் இத்தனை நிலத்தைக் கார்கள் நிறுத்துவதற்கா விடுவது என்று கேட்போர் இன்னொரு வகையினர். 2010இல் குயீன்ஸ் இறங்குதுறையை அரசும் ஒக்லாந்துப் பிராந்திய சபையும் வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டன. ஏனைய துறைகளைப் பற்றிய வாதம் ஓய்ந்தபாடில்லை.

இந்தத் துறைகளுள் ஒன்றின் பெயரை உலகம் அறியும். மார்ஸ்டன் இறங்குதுறையில் 1985 யூலை 10ஆம் திகதி நள்ளிரவை அண்டிய வேளை, கிறீன்பீஸ் அமைப்பின் ‘றெயின்போ வோரியர்’ கப்பல் இரண்டு குண்டுகளால் தகர்க்கப்பட்டது. பசுபிக் கடலில் பிரான்ஸ் நடத்திவந்த அணுகுண்டுச் சோதனைகளுக்கு எதிராகப் புறப்படவிருந்த கப்பல் அது. பெர்னாண்டோ பெரெய்ரா என்ற புகைப்படக் கலைஞர் கப்பலுடன் மூழ்கி இறந்தார். குண்டு வைத்தவர்கள் பிரெஞ்சு அரசின் இரகசிய சேவையினர். அவர்களுள் இருவரை ஒக்லாந்துப் பொலிசார் கைது செய்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே இருவருக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிரான்சின் பிரதமர் தம் நாட்டவரே அதைச் செய்தனர் என ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடுத்த ஆண்டில் பிரான்ஸ் மன்னிப்புக் கேட்டு நட்டஈடும் செலுத்தியது. கைதிகள் பசுபிக்கிலுள்ள பிரெஞ்சுத் தீவொன்றுக்கு மாற்றப்பட்டு 1988க்குள் வீடு திரும்பிவிட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. பெரிய நாட்டின் கை நீளமானது. எனினும் ஒரு குற்றப்பத்திரம் இருந்தது, ஒரு நீதிமன்றம் இருந்தது, ஒரு தீர்ப்பும் இருந்தது.

அந்த யூலைக்கு எட்டு வாரங்களுக்கு முன்னர், 1985 மே 15ஆம் திகதி காலை, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட ‘குமுதினி’ படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. ஏறியவர்கள் கடற்படையினர். குழந்தைகளும் பெண்களும் முதியவர்களும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அது போர்க்கப்பலும் அல்ல, போராட்டக் கப்பலும் அல்ல. டெவொன்போர்ட் படகைப் போன்ற அன்றாடப் பயணிகள் படகு. உயிர் தப்பியோரின் சாட்சியங்களை சர்வதேச மன்னிப்புச் சபை திரட்டி வெளியிட்டது. எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒக்லாந்தில் மூழ்கிய கப்பலைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் வந்துள்ளன. அவை வந்ததில் எமக்கு மகிழ்ச்சியே. பெரெய்ராவின் சாவு சிறியதென்று சொல்ல நாம் வரவில்லை. ஆனால் மார்ஸ்டன் துறையைப் படகு கடக்கும் சில வினாடிகளில் இரண்டு பெயர்களையும் ஒருங்கே நினையாதிருக்க ஈழத்தமிழர் ஒருவரால் இயலாது. குமுதினி பின்னரும் நெடுங்காலம் அதே கடலில் அதே மக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அந்தப் பலகைகளின் மீது மீண்டும் சென்று அமர்ந்தவர்களின் நெஞ்சுரத்தை யாரும் எழுதவில்லை. அவர்களுக்கு வேறு படகும் இருக்கவில்லை.

இனிப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படகின் பின்புறத்தில் நின்று மேற்கே பார்த்தால் துறைமுகப் பாலம் சாம்பல் நிறத்தில் வளைந்து தெரிகின்றது. 1959 மே 30ஆம் திகதி அது திறக்கப்படும் வரை வடகரைக்குச் செல்லப் படகே நேர்வழி. காரில் செல்வதாயின் கார் ஏற்றும் படகுக்காக வரிசையில் நிற்க வேண்டும், அல்லது துறைமுகத்தின் தலைப்பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓட வேண்டும். 1881இல் தொடங்கப்பட்ட டெவொன்போர்ட் நீராவிப் படகுக் கம்பனி இரு முனைகளும் ஒரே வடிவான பெரும் படகுகளை ஓட்டியது. அவற்றைத் திருப்ப வேண்டிய தேவையில்லை. போன முகத்துடனே திரும்பி வரும். பாலம் வந்ததும் கார்ப் படகுகள் நின்றன. பயணிகள் படகுகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. பாலத்தின் வழியே சுற்றிச் செல்ல நெடுந்தூரமாக இருந்த டெவொன்போர்ட் மட்டும் தன் படகை விடவில்லை.

செலவைக் குறைப்பதற்காகப் பாலத்தை நான்கு ஒழுங்கைகளுடன் கட்டினார்கள். நடைபாதையும் இல்லை, புகையிரதப் பாதையும் இல்லை. பத்தே ஆண்டுகளில் இடம் போதாமற் போயிற்று. 1969இல் யப்பானியக் கம்பனியொன்று இருபுறமும் இரண்டிரண்டு ஒழுங்கைகளைப் பொருத்திக் கொடுத்தது. இன்று நாளொன்றுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அதன்மீது செல்கின்றன. நடந்து செல்ல மட்டும் இன்னும் வழியில்லை. 2020 செப்டெம்பரில் கடுங்காற்றில் சரிந்த பாரவண்டியொன்று பாலத்தின் இரும்புத் தூணைச் சேதப்படுத்தியது. ஒழுங்கைகள் மூடப்பட்டு நகரம் திணறியபோது, தேவையற்றவை என்று அரை நூற்றாண்டுக்கு முன்னர் தள்ளிவைக்கப்பட்ட படகுகளை மக்கள் மீண்டும் தேடினார்கள். பாலம் வந்தால் படகைக் கைவிடலாம் என்ற கணக்கை எல்லா நாட்டுப் பொறியியலாளரும் ஒரே பாடசாலையில் கற்றிருப்பார்கள் போலும்.

எங்கள் ஊரிலே இத்தகைய படகுக்கு அழகான பெயரொன்று உண்டு: பாதை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் மனிதரையும் துவிச்சக்கரவண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையைத் தீவுப்பகுதி மக்கள் பாதை என்கின்றனர். மட்டக்களப்பு வாவியைக் கடப்பதற்கும் அதே பெயர்தான். வீதி நீரில் இறங்கி மறுகரையில் ஏறுகின்றது என்பது அச்சொல்லின் கருத்து. வாகனத்தையே வழியாகக் காணும் இத்தகைய சொல்லை வேறு மொழிகளில் நாம் சந்தித்ததில்லை. விரிவுரை மண்டபப் பழக்கம் விட்டுப்போகவில்லை, வாசகர்கள் பொறுத்தருள்க. மண்முனைப் பாதைக்குப் பதிலாக 2014இல் யப்பானிய உதவியுடன் பாலம் திறக்கப்பட்டது, சங்குப்பிட்டியில் 2011இல். இரண்டும் வேண்டியவையே. பிள்ளைத்தாய்ச்சியை இரவில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் பாதைக்காகக் காத்திருந்தவர்களிடம் மிதவையின் அழகைப் பற்றிப் பேசுவது பண்பாகாது.

ஆனால் வழிகள் அனைத்தும் அடைபட்ட காலமும் ஒன்றிருந்தது. 1990இன் பின்னர் ஆனையிறவும் பூநகரியும் மூடப்பட்டபோது குடாநாட்டு மக்களுக்கு வெளியுலகத்துக்கான வழி கிளாலிக் கடனீரேரி மட்டுமே. இரவில், விளக்கில்லாமல், சிறு வள்ளங்களை ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, கடற்படைப் படகுகளின் ஒலிக்குக் காதுகொடுத்தபடி கடந்தார்கள். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துடன் சென்றவர்களும், நோயாளிகளும், கடவுச்சீட்டு எடுக்கக் கொழும்பு போனவர்களும் ஒரே வள்ளத்தில் அமர்ந்திருந்தனர். 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த நீரிலே பலர் கொல்லப்பட்டனர். இப்பத்திரிகையை இன்று கையில் வைத்திருப்போருள் எத்தனையோ பேர் அவ்வாறு கடந்து வந்தவர்கள். டெவொன்போர்ட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். கிளாலிக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டால் ஒருவரும் ஒரே விடையைச் சொல்லமாட்டார்கள். அங்கே நேரத்தை அளந்தவர் எவருமில்லை.

வைஹெகே தீவுக்குச் செல்லும் படகு டெவொன்போர்ட்டைக் கடந்து மேலும் கிழக்கே போகின்றது. நாற்பது நிமிடப் பயணம். இடப்புறம் ரங்கிட்டோட்டோ எரிமலை, எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே வடிவாய், கவிழ்த்த தட்டுப் போல் கிடக்கின்றது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்னர்தான் அது கடலிலிருந்து எழுந்தது. நல்லூர் இராசதானி இருந்த காலத்தைச் சேர்ந்த மலை என்று நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம். அதற்கப்பால் ஹவுராக்கி வளைகுடா; பின்னர் திறந்த பெருங்கடல்.

அந்தப் பெருங்கடல் வழியாக எம்மவர் எவராவது முன்னர் வந்தனரா? 1836ஆம் ஆண்டளவில், ஒக்லாந்துக்கு வடக்கே வங்காரேயை அண்டிய பகுதியில், வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மதப் பணியாளர், மாவோரி மக்கள் கிழங்கு அவிக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திய உடைந்த வெண்கல மணியொன்றைக் கண்டெடுத்தார். அதன்மீது தமிழ் எழுத்துக்கள். முகையதீன் என்ற பெயருடைய ஒரு முஸ்லிம் வணிகரின் கப்பலுக்குரிய மணி அது என்று அவ்வெழுத்துக்கள் தெரிவிக்கின்றன. எழுத்தமைதியைக் கொண்டு அதற்குப் பல நூற்றாண்டுப் பழமை கூறுவோர் உளர்; அது எவ்வழியாக அங்கு சென்றது என்பதற்கு முடிவான விடை கிடைக்கவில்லை. வெலிங்டனிலுள்ள தெ பாபா அருங்காட்சியகத்தில் அம்மணி காக்கப்படுகின்றது. தமிழரே நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள் என்று இதை வைத்து மேடையில் முழங்குவோரை நாம் அறிவோம். ஒரு சோனகத் தமிழ் வணிகரின் உடைந்த மணிக்கு அத்தனை பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை.

உறுதியாகத் தெரிந்த செய்தி வேறொன்று. 2011 யூலையில் ‘அலிசியா’ என்ற கப்பல் இந்தோனேசியாவின் பின்டான் தீவருகே அந்நாட்டு அதிகாரிகளால் மறிக்கப்பட்டது. அதில் 87 இலங்கைத் தமிழர் இருந்தனர். நியூசிலாந்து செல்ல விரும்புகின்றோம் என்று எழுதிய அட்டைகளை அவர்கள் தூக்கிக் காட்டினர். அவர்களுக்கு இங்கு வரவேற்பில்லை என்று அன்றைய பிரதமர் ஜோன் கீ வெளிப்படையாகக் கூறினார். 2013இல் புதிய சட்டமொன்று வந்தது: முப்பது பேருக்கு மேற்பட்டோர் கூட்டமாகக் கடல்வழி வந்திறங்கினால் அவர்களைத் தடுத்துவைக்கலாம். அத்தகைய கப்பல் ஒன்றேனும் நியூசிலாந்துக் கரையைத் தொட்டதில்லை. வராத கப்பலுக்குப் பூட்டப்பட்ட கதவு அது.

நியாயமாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2001இல் ‘தம்பா’ என்ற நோர்வேக் கப்பல் கடலில் காப்பாற்றிய 433 அகதிகளை அவுஸ்திரேலியா இறங்க விடாதபோது, அவர்களுள் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டோரை நியூசிலாந்து ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் ஏற்கும் அகதிகளின் ஒதுக்கீட்டு எண்ணிக்கையையும் 2020இல் 1,500 ஆக உயர்த்தியது. அவர்கள் விமானத்தில் வந்து ஒக்லாந்தின் மாங்கெரே நிலையத்தில் முதற் சில வாரங்களைக் கழிக்கின்றனர். ஆக, அகதியை அந்நாடு வெறுக்கவில்லை. அவன் கடல்வழி வருவதைத்தான் அஞ்சுகின்றது. படகுகளால் வளர்ந்த நகரம் ஒன்று படகில் வருபவனை அஞ்சுவது விந்தையானதே.

வைஹெகேயில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் வாழ்கின்றனர், பாலமில்லை, நகரில் தொழில் புரிவோர் நாள்தோறும் படகிலேயே போய் வருகின்றனர். அறுபத்தைந்து வயதைக் கடந்து முதியோர் அட்டை பெற்றவர்களுக்கு நெரிசலற்ற நேரங்களில் இலவசம். 2008 முதல் இவ்வசதி உண்டு. வயோதிபர் உல்லாசப் பயணத்துக்கு அரசு பணம் கொடுப்பதா என்று வெகுநாள் விவாதம் நடந்தது, வயோதிபர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஏனையோருக்குக் கட்டணம் அதிகம். அச்சேவையை வர்த்தக அடிப்படையில் தனியார் நடத்துவதே காரணம் என்பது தீவு மக்களின் முறைப்பாடு. 2022, 2023ஆம் ஆண்டுகளில் மாலுமிகள் போதாமையால் துறைமுகமெங்கும் படகுகள் இரத்துச் செய்யப்பட்டபோது அவர்கள் வெகுண்டெழுந்தனர். கூட்டம் கூடினர், பத்திரிகைகளுக்கு எழுதினர், பாராளுமன்ற உறுப்பினரைக் கேள்வி கேட்டனர், நகரசபை பதில் சொல்ல வேண்டியிருந்தது. கரையில் நின்று அரை மணி நேரம் தாமதமான படகுக்காகச் சினங்கொள்வது ஒரு பெரும் பேறு என்று அவர்களிடம் சொன்னால் எம்மை விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஆனால் அந்தச் சினம் எமக்குப் பிடித்திருக்கிறது. கடலைக் கடப்பது தமக்குரியது என்று எண்ணுபவர்களுக்கே அத்தகைய சினம் வரும்.

நெடுந்தீவுக்கும் பாலமில்லை. 2017இல் அவுஸ்திரேலிய நிதியுதவியுடன் ‘நெடுந்தாரகை’ என்ற புதிய பயணிகள் படகு அத்தீவுக்குக் கிடைத்தது. எம்மவரின் படகுகளைக் கடலில் மறித்துத் திருப்பியனுப்பும் நாடு எம்மவருக்குப் படகு வாங்கித் தந்திருக்கிறது. பெற்றுக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வது? கடல் கொந்தளிக்கும் காலங்களில் சேவை நின்றுவிடும். அந்நாட்களில் குறிகட்டுவான் துறையில், அரிசிப் பையையும் மருந்துப் பொட்டலத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, காற்று அடங்குமா என்று மேற்கே பார்த்தபடி சனங்கள் குந்தியிருப்பார்கள். அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை.